ஒயிட்டனிங், பாண்டிங், வெனீர், அலைனர்... பல் அழகு சிகிச்சையில் உங்களுக்கு எது தேவை, எது தேவையில்லை?

‘ரெண்டே சிட்டிங்கில் ஹாலிவுட் ஸ்மைல்’, ‘வட்டியில்லா இ.எம்.ஐ-யில் ஸ்மைல் டிசைனிங்’, ‘கல்யாணப் பொண்ணு - மாப்பிள்ளைக்கு காம்போ ஆஃபர்’. இன்ஸ்டாகிராமில் ஒரே ஒரு பல் கிளினிக் ரீல்ஸைப் பார்த்துவிட்டால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு இதுதான் வரிசை கட்டும்.

சிரிப்பு அழகாக இருக்க வேண்டும் என்று நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால், இந்த விளம்பரங்கள் ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. ‘ஸ்மைல் டிசைனிங்’ என்பது ஒரு சிகிச்சையின் பெயரே இல்லை. பல்லைத் துளிகூடத் தொடாத சிகிச்சை முதல், பல்லின் பெரும்பகுதியை அரைத்துவிடும் சிகிச்சை வரை எல்லாமே அந்த ஒரே பெயரில்தான் விற்கப்படுகின்றன. சிலவற்றைப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். சிலவற்றைச் செய்துகொண்டால் வாழ்நாள் முழுக்கத் திரும்பி வரவே முடியாது. எது எந்த ரகம்? விளக்கமாகப் பார்ப்போம்.

ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும்?

பல்லின் மேல் இருக்கும் வெள்ளைக் கவசம்தான் எனாமல். நம் உடலிலேயே மிகவும் கடினமான பொருள் இது. ஆனால், முன்பற்களில் இதன் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். எனாமலை உருவாக்கும் செல்கள், பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. எலும்பு உடைந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். அரைத்த எனாமல் மட்டும் திரும்ப வளராது.

எனாமலுக்குக் கீழே இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள் நிறம். அந்த மஞ்சள் கொஞ்சம் வெளியே தெரிவதுதான் இயற்கை. கோரைப்பல் மற்ற முன்பற்களைவிட மஞ்சளாகத் தெரிவதும் சாதாரணம்தான். ஆக, ‘பேப்பர் வெள்ளை’ பல் என்பது ஆரோக்கியத்தின் அடையாளம் இல்லை. அது ஒரு ஃபேஷன், அவ்வளவே.

முதல் கேள்வி: உங்கள் பிரச்சினை நிறமா, வடிவமா, வரிசையா?

கண்ணாடி முன் நின்று இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும். மஞ்சள், கறை என்றால் அது நிறப் பிரச்சினை. ஓரம் உடைந்தது, பல் சின்னதாக இருப்பது, நடுவில் சின்ன இடைவெளி என்றால் வடிவப் பிரச்சினை. தெத்துப்பல், எடுப்புப் பல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல் என்றால் வரிசைப் பிரச்சினை. வரிசைப் பிரச்சினைக்கு வெனீர் போட்டு மறைப்பதும், நிறப் பிரச்சினைக்குப் பல்லை அரைப்பதும்தான் இங்கே அதிகம் நடக்கும் தவறுகள்.

நிறம் மட்டும்தான் பிரச்சினையா?

முதலில் ஸ்கேலிங். டீ, காபி, சிகரெட், வெற்றிலைக் கறை எல்லாம் பல்லின் மேல்பரப்பில் படிவது. பல் சுத்தம் செய்தாலே இதில் பெரும்பகுதி போய்விடும். ‘ஸ்கேலிங் செஞ்சா பல்லு தேஞ்சிடும்’ என்பது வெறும் பயம். காரை நீங்கியதும் சில நாள் பல் கூசுவதைத்தான் பலரும் தேய்மானம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகும் மஞ்சள் தெரிந்தால்தான் ஒயிட்டனிங். ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது கார்பமைடு பெராக்சைடு ஜெல், எனாமலுக்குள் ஊடுருவி நிறமிகளை உடைக்கிறது. பல்லை அரைக்க வேண்டியதில்லை. கிளினிக்கில் அதிக அடர்த்தியில் ஒரே நாளில் செய்யலாம். அல்லது டாக்டர் உங்கள் பல் அளவுக்கு ட்ரே செய்து கொடுக்க, குறைந்த அடர்த்தி ஜெல்லை ஓரிரு வாரங்கள் வீட்டிலேயே பயன்படுத்தலாம். பல் கூச்சம் வரும். பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். பலன் நிரந்தரம் இல்லை. டீ, காபி, சிகரெட் பழக்கத்தைப் பொறுத்து சில மாதங்களிலோ, ஓரிரு ஆண்டுகளிலோ நிறம் திரும்பும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஏற்கெனவே போட்ட கேப், ஃபில்லிங் எதுவும் ஒயிட்டனிங்கில் வெளுக்காது. முன்பல்லில் ஒரு கேப் இருந்தால், சுற்றி இருக்கும் பற்கள் வெளுத்து, அது மட்டும் தனியாகத் தெரியும். அடிபட்டோ, ரூட் கேனல் செய்தோ ஒற்றைப் பல் மட்டும் கறுத்திருந்தால், அதற்கு உள்ளிருந்து வெளுக்க வைக்கும் முறை தனியாக இருக்கிறது.

பியூட்டி பார்லரில் செய்யலாமா? கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள ஒயிட்டனிங் பொருட்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கலாம்; 6 சதவீதத்துக்கு மேல் அனுமதியே இல்லை; 18 வயதுக்குக் கீழே பயன்படுத்தக் கூடாது. அந்த அளவுக்குக் கவனமாகக் கையாளும் பொருள் இது. கரித்தூள் பவுடர், எலுமிச்சை - சோடா உப்பு டிப்ஸ் எல்லாம் இன்னும் மோசம். கரித்தூள் உரசித் தேய்க்கும், எலுமிச்சை அமிலம் அரிக்கும். எனாமல் மெலிய மெலிய உள்ளே இருக்கும் மஞ்சள்தான் அதிகமாகத் தெரியும். ஊதா நிற டூத்பேஸ்ட்? மஞ்சளுக்கு எதிர் நிறத்தைப் பூசிக் கண்ணை ஏமாற்றும் வித்தை. வாய் கொப்பளித்துச் சில மணி நேரத்தில் போய்விடும்.

வடிவம்தான் பிரச்சினையா?

இங்கே மூன்று வழிகள். மூன்றுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

*பாண்டிங்:* பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் ரெசினை டாக்டர் பல் மீது வைத்து, செதுக்கி, ஒளியால் இறுக வைப்பார். பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். பல்லை அரைப்பது மிகக் குறைவு, பல நேரம் இல்லவே இல்லை. உடைந்த ஓரம், சின்ன இடைவெளி போன்றவற்றுக்கு இதுவே போதும். குறை என்னவென்றால், காபிக் கறை பிடிக்கும், நகம் கடித்தால் பெயரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாலிஷ் செய்யவோ, சரிசெய்யவோ வேண்டியிருக்கும். ஆனால், அடியில் உங்கள் பல் அப்படியே இருக்கும். அதுதான் முக்கியம்.

*வெனீர்:* பல்லின் முன்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய செராமிக் தகடு. 1920-களின் இறுதியில் ஹாலிவுட் நடிகர்களுக்காக சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் இதன் ஆரம்ப வடிவத்தைச் செய்தார். ஷூட்டிங்கில் மாட்டி, முடிந்ததும் கழற்றிவிடும் ரகம் அது. 1955-ல் மைக்கேல் புவோனோகோர், எனாமலை லேசான அமிலத்தால் பக்குவப்படுத்தினால் ரெசின் உறுதியாக ஒட்டும் என்று காட்டிய பிறகுதான் பல்லோடு நிரந்தரமாக ஒட்டும் வழி பிறந்தது. இன்றைய செராமிக் வெனீருக்கு வழக்கமாக அரை மில்லிமீட்டர் அளவுக்கு எனாமலை அரைப்பார்கள். கறை பிடிக்காது, பார்க்க இயற்கையாக இருக்கும். அரைக்காமலே ஒட்டும் வெனீரும் உண்டு. ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. சிலருக்குப் பல் தடித்துத் தெரியும்.

*கிரவுன் (கேப்):* பல்லைச் சுற்றிலும் அரைத்து, மேலே தொப்பி மாதிரி மாட்டுவது. கண்ணுக்குத் தெரியும் பல் பகுதியில் பாதிக்கும் மேல் போய்விடும். ரூட் கேனல் செய்த பல், பெரிதாக உடைந்த பல் ஆகியவற்றைக் காப்பாற்ற இது அருமையான சிகிச்சை. ஆனால், நல்லா இருக்கும் பல்லை அழகுக்காக மட்டும் இப்படி அரைப்பது?

பிரிட்டனில் இதற்கு ‘டர்க்கி டீத்’ என்றே பெயர் வந்துவிட்டது. குறைந்த செலவில் டூர் போலத் துருக்கிக்குப் போய், வெனீர் என்று நினைத்து, கடைசியில் கிரவுன் போட்டுக்கொண்டு வந்த இளைஞர்களின் வீடியோக்கள் வைரலாகின. ஆணி மாதிரி கூராக அரைக்கப்பட்ட பற்களைப் பார்த்து அந்நாட்டுப் பல் மருத்துவர் சங்கமே எச்சரிக்க வேண்டியிருந்தது. இவ்வளவு அரைத்த பற்களில் நரம்பு பாதிக்கப்பட்டு, பின்னால் ரூட் கேனல் வரை போகும் ஆபத்து அதிகம்.

ஒரு சின்னக் கணக்கு

செராமிக் வெனீர் நன்றாகப் பராமரித்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வரும். சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் உழைக்கும். 25 வயதில் போட்டால் 65 வயதுக்குள் இரண்டு, மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கலாம். எட்டுப் பல்லுக்குப் போட்டவர் ஒவ்வொரு முறையும் எட்டுக்கும் செலவு செய்ய வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் இன்னும் கொஞ்சம் பல் போகும். ‘ஒரு தடவை செலவு’ என்று இ.எம்.ஐ. விளம்பரம் சொல்வது இதனால்தான் சரியில்லை. அழகுக்கான பல் சிகிச்சைக்குப் பெரும்பாலான ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் கிளெய்மும் கிடையாது.

வரிசைதான் பிரச்சினையா?

கிளிப் அல்லது அலைனர். பல்லை அரைத்து நேராகக் காட்டாமல், பல்லையே நகர்த்தும் வழி. மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் ஆகும். அலைனரை ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். முடிந்த பிறகும் ரீடெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.

‘டாக்டரிடம் போக வேண்டாம், அலைனர் வீட்டுக்கே வரும்’ என்ற மாடலுக்கு என்ன ஆனது தெரியுமா? அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் நிறுவனம் 2023 செப்டம்பரில் திவால் மனு போட்டு, அதே டிசம்பரில் மொத்தமாக மூடப்பட்டது. சிகிச்சை பாதியில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அலைனர் யார் தயாரித்தாலும், பல் நகர்வதை நேரில் பார்க்கும் ஆர்த்தோடான்டிஸ்ட் ஒருவர் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள பாடம்.

எந்த வரிசையில் செய்வது?

முதலில் சொத்தை, ஈறு நோய் சிகிச்சை. அடுத்து பல்லை வரிசைப்படுத்துவது. பிறகு ஒயிட்டனிங். அதற்கப்புறம் சுமார் இரண்டு வாரம் இடைவெளி விட்டு பாண்டிங். உடனே செய்தால் ரெசின் சரியாக ஒட்டாது, நிறமும் நிலைபெற்றிருக்காது. இவ்வளவும் செய்த பிறகும் திருப்தி இல்லை என்றால் மட்டும் வெனீர் பற்றி யோசிக்கலாம். இந்த வரிசையில் போன பலருக்கு வெனீர் தேவையே வராது.

தருமபுரிக்காரர்கள் என்ன செய்வது?

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், மாற்று வழியே இல்லாவிட்டால் அதிகபட்சம் 1.5 என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறுவயதில் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டு, பழுப்புக் கறை நிரந்தரமாக இருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். இன்டர்வியூவில் வாயைக் கையால் மறைத்துப் பேசும் இளைஞர்களுக்கு இது வெறும் ஃபேஷன் விஷயம் இல்லை. இவர்களுக்கும் முதல் வழி வெனீர் அல்ல. மேல் அடுக்கை மிக மெலிதாகத் தேய்த்து எடுக்கும் மைக்ரோஅப்ரேஷன், திட்டுக்குள் ரெசினை ஊடுருவ வைக்கும் முறை, ஒயிட்டனிங் ஆகியவற்றைத் தனியாகவோ, சேர்த்தோ செய்யலாம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் முதல் ஆலோசனை பெறுவது, தனியார் கிளினிக் சொல்வதை ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

ஆபத்தே இல்லையா?

2024 பிப்ரவரியில் ஐதராபாத்தில், சிரிப்பை அழகாக்கும் சிகிச்சைக்குப் போன இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மயக்க மருந்து அளவு அதிகமானதே காரணம் என்று குடும்பத்தினர் குற்றம்சாட்ட, போலீஸார் வழக்குப் பதிவு செய்தனர். இப்படி நடப்பது அரிது. அதற்காகப் பயந்து ஓட வேண்டாம். ஆனால் அலர்ஜி, இதய நோய், ஆஸ்துமா, தினமும் சாப்பிடும் மாத்திரை என எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள். ‘இதுவும் பார்லர் மாதிரிதானே’ என்ற நினைப்பை முதலில் விடுங்கள்.

அட்வான்ஸ் கட்டும் முன் கேட்க வேண்டியவை

* டாக்டர் மாநில பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவரா? பதிவு எண் என்ன?
* எனக்குப் போடப்போவது வெனீரா, கிரவுனா? எத்தனை பல்லுக்கு, எவ்வளவு அரைப்பீர்கள்?
* அரைப்பதற்கு முன் தற்காலிக ரெசினில் மாதிரி போட்டுக் காட்டுவீர்களா?
* தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருக்கிறது, இது தாங்குமா? நைட் கார்டு வேண்டுமா?
* மொத்தச் செலவு, உடைந்தால் யார் பொறுப்பு என்பதை எழுதித் தருவீர்களா?

பில், எக்ஸ்ரே, முன் - பின் போட்டோ எல்லாவற்றையும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சேவைக் குறைபாடு இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

‘கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு, டைம் இல்ல’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெண்டு மாதத்தில் ஸ்கேலிங், ஒயிட்டனிங், தேவைப்பட்டால் ஓரிரு பல்லுக்கு பாண்டிங், எல்லாமே தாராளமாக முடியும். ஆல்பத்துக்கு அது போதும். தெத்துப்பல்லை என்ன செய்வது என்று கல்யாணம் முடிந்து நிதானமாக முடிவெடுக்கலாம். அந்தத் தெத்துப்பல் சிரிப்பைப் பார்த்துத்தான் எதிர்த்தரப்பு ஓகே சொல்லியிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. அதற்கும் மேலாக ஒரு டாக்டர் பல்லை அரைக்கச் சொன்னால், சேரில் சாயும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அரைக்காம இதைச் சரிபண்ண முடியாதா டாக்டர்?” அதற்கு நேரான பதில் வரவில்லை என்றால், இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.