ஆய்வுச் சோர்வு: பேராதனையில் எதை வைத்து அளப்பது?

பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார் என்று கணக்கெடுக்க நம்மிடம் ஏற்பாடு இருக்கிறது. பதவி உயர்வில் அதற்குப் புள்ளி உண்டு. ஆராய்ச்சிக் கொடுப்பனவு பெறவும் ஆய்வு முன்மொழிவும் அதன் பலனும் காட்ட வேண்டும். எழுதியவர் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறார் என்று கேட்க அந்தப் படிவங்களில் இடமில்லை.

அளவுகோல்கள் இல்லாமலில்லை. உலகில் அதிகம் பயன்படுவது, 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் வெளியிட்ட 22 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து. மனம் வற்றிப்போதல், பிறர்மீது அக்கறை அற்றுப்போதல், எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம் ஆகியவற்றை அது தனித்தனியே அளக்கிறது. மக்களோடு நேரடியாகப் பழகும் தொழில்களுக்காகவே அது உருவானது. பிறகு வந்த ஆசிரியர் வடிவத்திலும் பேசப்படுவது மாணவர்களைப் பற்றித்தான். ஆய்வுகூடமும் களமும் அதில் வருவதில்லை.

இதை 2022இன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வைத்துப் பாருங்கள். கண்டியிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடருக்குக் கள ஆய்வுக்குப் போகிறவர்கள் ஹுன்னஸ்கிரியவில் மஹியங்கனை வீதியை விட்டு மேலே ஏறுவார்கள். அந்த ஆண்டு கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்குக் கிடைத்தது வாரத்துக்கு 20 லீற்றர். ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஆய்வுகூட இரசாயனங்களும் பல சர்வதேச சஞ்சிகைகளின் கட்டணமும் டொலரில்தான். இந்த நிலையில் ஒரு விரிவுரையாளர் வினாக்கொத்தை நிரப்பினால், சாதனை பற்றிய பகுதியில் புள்ளி மோசமாகத்தான் வரும். வற்றியது மனமா, எரிபொருள் தாங்கியா என்று அது பிரித்துச் சொல்லாது. நிர்வாகம் அதைப் பார்த்து ஒரு தியானப் பயிற்சிப் பட்டறையை ஒழுங்கு செய்துவிட்டு ஓய்ந்துவிடவும் கூடும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் இதை நோயாக வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத நீடித்த வேலைத்தல அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. தமிழில் கேட்கும்போது இது முக்கியம். ‘மனச்சோர்வு’ என்று மொழிபெயர்த்தால் அது வைத்தியசாலைச் சொல். பதில் சொல்லத் தயங்குவார்கள். ‘களைப்பு’ என்றால் ஒரு நாள் தூங்கினால் தீர்ந்துவிடும்போலத் தோன்றும். ‘பணிச்சோர்வு’ என்பதே ஓரளவு பொருந்துகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், யாரிடம் கேட்கிறோம் என்பது. 2023 ஜனவரியில் 36 சதவீதம் வரை உயர்ந்த வருமான வரிக்கு எதிராக விரிவுரையாளர்கள் வீதியில் இறங்கினார்கள். பலர் நாட்டை விட்டே போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பாடங்களும் விடைத்தாள்களும் ஆய்வு மாணவர்களும் இருப்பவர்களின் மேசைக்கு வந்தன. ஆனால் வினாக்கொத்து போவது பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும். மிகவும் சோர்ந்தவர் விலகியதும் துறையின் சராசரி சற்று நன்றாகிவிடும்.

அதனால் எந்தக் கணக்கெடுப்பும் துறைவாரியான வெற்றிடங்கள், விடுமுறையில் போய்த் திரும்பாதவர்கள், ஒருவர் மேற்பார்வை செய்யும் மாணவர் தொகை ஆகியவற்றையும் பக்கத்தில் வைத்தே வாசிக்கப்பட வேண்டும். அவை புதிதாகத் தேட வேண்டியவை அல்ல, பல்கலைக்கழகங்களின் சொந்தக் கோப்புகளில் இருப்பவைதான்.