தீவுகளில் தரவுத்தளக் காப்பு

வணிகர் வரவு செலவை முதலில் நாள்வழியில் எழுதிப் பின்னரே பேரேட்டில் ஏற்றுவது வழக்கம். கணிப்பொறியின் தரவுத்தளமும் இம்முறையையே கைக்கொள்கிறது. ஒவ்வொரு மாற்றமும் முதற்கண் ‘லாக்’ எனப்படும் பரிவர்த்தனைப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. மின்சாரம் திடீரென நின்றாலும் விவரங்கள் பிழையின்றி மீள்வது இதனாலேயாம்.

இப்பதிவேடு பெருகி வட்டை நிரப்பிவிடுமாயின், தரவுத்தளம் புதிய விவரம் எதையும் ஏற்காது. மாணவர் சேர்க்கையும் ரேஷன் கணக்கும் அப்படியே நின்றுவிடும். உடனே பதிவேட்டை அழித்துவிடுவதே பரிகாரமெனக் கருதுவோர் உளர். அது பெருந்தவறு. அழித்தால் தரவுத்தளமே பழுதுறக்கூடும். காரணத்தை நீக்காமல் சுருக்கினாலோ, அது மீண்டும் வளரும்.

எஸ்.க்யூ.எல். சர்வரில் முழு மீட்பு முறை அமைந்திருப்பின், முழு பேக்கப் எடுப்பதனால் மட்டும் பதிவேட்டின் பழைய பகுதி விடுவிக்கப்படுவதில்லை. பதிவேட்டையும் தனியே பேக்கப் எடுத்தல் வேண்டும். முடிவுறாத பரிவர்த்தனை ஒன்றும் அதைத் தடுக்கும். முழு பேக்கப் நடைபெறும் நேரமெல்லாம் பழைய பகுதி விடுபடாது. இவற்றுள் எது காரணமென்பதை அம்மென்பொருளே தெரிவிக்கும்.

இறுதியாகக் கூறிய காரணம் அந்தமான் நிகோபார் தீவுகளில் தனிக் கவனத்திற்குரியது. 2020 ஆகஸ்ட் 10இல் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்படும் வரை, வெளியுலகத் தொடர்புக்குச் செயற்கைக்கோளே ஆதாரமாயிருந்தது. கேபிள் நேரடியாக எட்டாத தீவுகளும் உள. மெதுவான இணைப்பின் வழியே முழு பேக்கப்பை நேராக அனுப்பினால் அது பல மணி நேரம் நீளும். அவ்வளவு நேரமும் பதிவேடு வளர்ந்துகொண்டே போகும்.

அதற்காக, நகலை அலுவலக வட்டிலேயே வைத்துக்கொண்டால் போதுமென்பதும் பொருந்தாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கார் நிகோபாரின் கடற்கரைக் குடியிருப்புகளை அழித்தது. மூலமும் நகலும் ஒரே கட்டடத்தில் இருப்பின் இரண்டும் ஒருங்கே போய்விடும்.

ஆகவே, முழு பேக்கப்பை முதலில் உள்ளூரில் வேறொரு வட்டில் சுருக்கி எடுத்து, பின்னரே வெளியே அனுப்புதல் நலம். முதல் நகலைக் கப்பலிலும் அனுப்பலாம். அதன்பின் கால்மணிக்கொரு முறை பதிவேட்டு பேக்கப்புகளை மட்டும் அனுப்பின், சிறு இணைப்பும் அவற்றைத் தாங்கும். பதிவேடும் கட்டுக்குள் அடங்கும்.

மீட்டுப் பார்க்காத நகலை நம்புதற்கில்லை. மாதம் ஒரு முறையேனும் வேறொரு கணிப்பொறியில் அதனை மீட்டுச் சோதித்தல் ஊழியர் கடமையாகக் கொள்ளப்பட வேண்டும்.