நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?

மதுரையில் இருக்கும் அப்பத்தா, அம்மாச்சி, மதினி, அத்தாச்சி, அண்ணன் தம்பிமார் எல்லோருக்கும், அதிலும் சர்க்கரை மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ராத்திரி பத்தரை மணிக்குப் பரோட்டாக் கடை பெஞ்சில் இடம் பிடிக்கிறவர்களுக்கு, ஹூஸ்டனிலிருந்து வணக்கம்.

"அமெரிக்காவுக்குப் போயி எதுக்கு ஆத்தா ஸ்பானிஷ் படிக்கிற?" என்று போனில் கேட்காத ஆள் நம் தெருவில் பாக்கியில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது. அதனால்தான் ஊருக்கே சேர்த்து ஒரு மடல்.

இந்த நகரத்தில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் மெக்சிகோ, எல் சால்வடோர், ஹோண்டுராஸ் போன்ற நாடுகளின் வழிவந்தவர்கள். நான் உணவு ஆலோசகராக இருக்கும் சின்ன மருத்துவமனைக்கு வருகிறவர்களில் அவர்கள்தான் அதிகம். கூரை வேலை செய்கிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், வீடு துடைக்கப் போகிற அம்மாக்கள். மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்துப் பேச வசதி உண்டு. ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்ல அது போதும். ஆனால் நடுராத்திரியில் எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்த கதையை மூன்றாவது ஆளை வைத்துக்கொண்டு யார் சொல்வார்கள்?

மாலை வகுப்பில் சேர்ந்தேன். பாடப்புத்தகம் என்னை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் மீன் கேட்டு வாங்கச் சொல்லிக் கொடுத்தது. பழம் நல்லது, பொரித்தது கெட்டது என்று எழுதிப் பழகச் சொன்னது. என் வேலைக்கு அதில் ஒன்றும் ஆகவில்லை. "நல்ல சாப்பாடா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எந்த மொழியிலும் ஒரே பதில்தான் வரும்: "சாப்பிடுறேனே!"

எங்கள் தொழிலில் முதலில் கேட்பது நேற்றைய கதை. இருபத்துநாலு மணி நேரத்தில் வாய்க்குள் போனது எல்லாம் வேண்டும். அவர் போக்கில் சொல்லி முடிக்க விட வேண்டும், குறுக்கே பேசக் கூடாது. அப்புறம் எல்லோரும் மறந்துவிடுகிற சாமான்களை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டும்: காபி, குளிர்பானம், மிட்டாய், வேலை இடத்தில் யாரோ நீட்டிய பிஸ்கட். பிறகு எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து. அளவைக் கேட்பது அதற்கப்புறம்தான். ஆக, எனக்கு முதலில் தேவைப்பட்டது இறந்தகாலம். "கே கொமியோ அயெர்?" நேற்று என்ன சாப்பிட்டீங்க? பெரியவர்களிடம் 'தூ' போடக் கூடாது, 'உஸ்தெத்' என்றுதான் பேச வேண்டும். நீ, நீங்க விவகாரம் அவர்களிடமும் உண்டு.

மெக்சிகோவின் சான் லூயிஸ் பொத்தொசி பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, தான் ஒன்றுமே சாப்பிடுவதில்லை என்று சாதித்தார். கேட்கக் கேட்க வந்தது. விடியக்காலையில் பால் இல்லாத காபி, சர்க்கரை இரண்டு ஸ்பூன். அதில் முக்கிச் சாப்பிட 'பான் துல்சே', மேலே சர்க்கரைப் பூச்சு அப்பிய ரொட்டி. பாதிதானாம். மீதிப் பாதி? அது பத்து மணிக்கு. மதியம் 'தொர்த்தீயா', மக்காச்சோள ரொட்டி, எத்தனை என்றால் கணக்கில்லை. துணியில் சுற்றி நடுவில் வைத்திருப்பார்கள், கை போகிறபோதெல்லாம் ஒன்று வரும். கல்லில் சுடும்போதே ஓரம் கிழிந்ததை வீணாக்காமல் வாயில் போட்டது தனிக்கணக்கு. நடுவில் 'நோமாஸ் உன் ரெஃப்ரெஸ்கீத்தோ', ஒரே ஒரு குட்டிக் குளிர்பானம். அந்தக் குட்டி 355 மில்லி டின். உள்ளே இருக்கும் சர்க்கரை 39 கிராம், பத்து டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கம்மி. நான் வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டேன். உப்புப் பார்க்கிறேன், காரம் பார்க்கிறேன் என்று அடுப்படியிலேயே அரை வயிறு நிறைந்து, பந்தியில் "எனக்கு ஒன்னும் வேணாம்" என்று சொல்லும் பெரியம்மாக்களை எனக்குத் தெரியாதா?

'தெங்கோ அசூக்கார்' என்பார்கள், சர்க்கரை இருக்கு. அது எதனால் வந்தது என்றால் நிறையப் பேர் 'சுஸ்தோ' என்கிறார்கள். ஒரு விபத்து, ஒரு சாவு, எல்லை தாண்டிய ராத்திரி, அந்தப் பயத்தில் ரத்தம் கெட்டுவிட்டதாம். பிள்ளை பயந்துவிட்டது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஊரில் பிறந்தவளுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வராது. அதற்கு வைத்தியம் நொபால். சப்பாத்திக்கள்ளி மட்டையை முள் சீவி, நறுக்கி, வெங்காயம் போட்டு வதக்குகிறார்கள். அதன் பங்காளி ஒன்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் பக்கத்துக் காடுகரைகளை அடைத்துக்கொண்டதும், அதை ஒழிக்க 1926-இல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டதும் பழைய கதை. நொபாலைக் கேலி செய்தால் அந்தப் பாட்டி அடுத்த தடவை அதைப் பற்றி மூச்சு விட மாட்டார், மாத்திரையை நிறுத்தியதையும் சேர்த்து மறைத்துவிடுவார். ஆவாரம்பூக் கஷாயத்தை டாக்டரிடம் சொல்லாமல் குடிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இன்னொன்று: "கே கொமீயா?" ஊரில் இருந்தபோது என்ன சாப்பிடுவீங்க? ஒரு தடவை நடந்ததற்கும் வழக்கமாக நடந்துவந்ததற்கும் ஸ்பானிஷில் வெவ்வேறு இறந்தகாலம். இரண்டாவதைப் போட்டுக் கேட்டால் பேச்சு நிற்காது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவி அம்மியில் அரைத்த கதை வரும். அந்தச் சுண்ணாம்பு இல்லாவிட்டால் சோளத்தில் இருக்கிற நியாசின் என்கிற வைட்டமின் உடம்பில் ஒட்டாது. கொலம்பஸ் காலத்துக்குப் பிறகு ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, சுண்ணாம்புப் பக்குவம் கூடப் போகவில்லை. வேறு கதியில்லாமல் அதையே தின்ற ஸ்பெயின், இத்தாலி ஏழைகள் பெல்லாக்ரா நோயில் தோல் வெடித்துச் செத்தார்கள். வரப்போரக் கீரைகளின் கதையும் வரும். அப்படிக் கேள்விப்பட்டு, சனிக்கிழமைச் சந்தையில் 'வெர்தோலாகாஸ்' என்று விற்ற கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சிவந்த தண்டு, சதைப்பற்றான பொடி இலை. நம் பருப்புக்கீரை! அவர்கள் பன்றிக்கறியில் போடுகிறார்கள், நான் பாசிப்பருப்பில் போட்டேன்.

நம் ஊருக்கு வருகிறேன். இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை என்று 2023-இல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. போன தடவை வந்திருந்தபோது சொந்தக்காரர் ஒருவர், தனக்கு ஒரு மருத்துவமனையில் கொடுத்த உணவுத் தாளைக் காட்டினார். பூராவும் இங்கிலீஷ். காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்கு கிரீன் டீ, ராத்திரி ஏழரைக்கு எண்ணெய் இல்லாத சப்பாத்தி இரண்டு. அவர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். ஏழரைக்கு அவர் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருப்பார், ஷட்டர் இறங்கவே பத்தாகும். ஒரு நோயாளியிடம் பேச என்னை வேற்று மொழியின் இறந்தகாலம் வரைக்கும் படிக்க வைத்திருக்கிறது இந்த வேலை. அங்கே கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் தாய்மொழி ஒன்று. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று அவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

பரோட்டாவை விடச் சொல்லப் போகிறேன் என்று பயப்பட வேண்டாம். பத்தரைக்குச் சூடாகக் கிடைப்பது அதுதான் என்றால் அதிலிருந்துதான் பேச வேண்டும். மூன்றை இரண்டாக்கி முட்டை ஒன்று சேர்க்கலாமா, சால்னாவைக் குறைக்கலாமா என்று. ஓட்ஸ் பேச்சு அந்த பெஞ்சில் எடுபடாது. கல்லுப்பட்டிப் பக்கம் விளைகிற குதிரைவாலியை விட்டுவிட்டு சியா விதை வாங்குகிறவர்களோடு எனக்குத் தனிச் சண்டை இருக்கிறது. மெக்சிகோக்காரர்கள் அதை எலுமிச்சைத் தண்ணீரில் போட்டுக் குடிக்கிறார்கள், நாம் சப்ஜா போடுகிற மாதிரி. அதற்கு மேல் மகிமை ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

பாக்கெட் விஷயமும் உண்டு. மெக்சிகோவிலிருந்து வருகிற பிஸ்கட்டின் முன்பக்கம் கறுப்பு எண்கோண முத்திரை இருக்கும்: சர்க்கரை அதிகம், உப்பு அதிகம், கலோரி அதிகம். 2020 அக்டோபரிலிருந்து அங்கே கட்டாயம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட முத்திரைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். 2014-லேயே குளிர்பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டார்கள். 2025 மார்ச்சிலிருந்து பள்ளிக்கூடங்களில் அந்த மாதிரித் தீனி விற்கத் தடை. நம் நாட்டு விதிப்படி லேபிளில் இங்கிலீஷ் அல்லது இந்தி இருந்தால் போதும், தமிழ் கட்டாயமில்லை. உசிலம்பட்டிப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிற ஐந்து ரூபாய் பாக்கெட்டை வாங்கும் அப்பத்தாவுக்கு அதில் எழுதியிருப்பது எதற்கு? 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நட்சத்திரம் போடலாம் என்று ஒரு வரைவு வெளியிட்டது. நட்சத்திரத்தைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? முன்பக்கம் என்ன போடுவது என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது.

டில்லிக்காக நான் காத்திருக்கவில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரையோடு வீடு தேடி வருகிற அக்காக்கள் இருக்கிறார்களே, அவர்கள் திண்ணையில் உட்காருகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தாள் தயார் செய்கிறேன், மதுரைப் பேச்சில். நேத்து ராத்திரி என்ன, எத்தனை மணிக்கு, யார் வீட்டுல, கையில எடுத்து வாயில போட்டது ஏதாவது விட்டுப்போச்சா, சின்னப் பிள்ளையில என்ன சாப்பிடுவீங்க. கேள்விகள் முடிந்துவிட்டன. அளவுகள்தான் என்னிடம் இல்லை, அதை நீங்கள்தான் அனுப்ப வேண்டும். ஜிகர்தண்டா கிளாஸ் சின்னது எத்தனை மில்லி, பெரியது எத்தனை? சால்னாக் கரண்டி எவ்வளவு பிடிக்கும்? பன் பரோட்டாவுக்கு மாஸ்டர் கிள்ளுகிற மாவு உருண்டை எத்தனை கிராம்? கடையில் தராசு இருக்கும், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். "சீனி கம்மி" என்று சொன்னால் உங்கள் டீ மாஸ்டர் உண்மையிலேயே எத்தனை ஸ்பூன் போடுகிறார்? சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறேன், அதற்குள் அனுப்பினால் தாளோடு வருவேன். கறி தோசைக்கு ஊற்றுகிற எண்ணெயை மட்டும் நானே வந்து அளந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பெண்