படகுக் கக்கூசைக் கண்டம் செய்யலாமா?

காலைக் காபியோடு இதைப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இன்று எழுதப்போவது கக்கூஸ் பற்றி. அதுவும் கடலில் மிதக்கும் கக்கூஸ். எழுபதைத் தாண்டிய நமக்கு இதில் கூச்சம் என்ன? நம் வயதில் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது பேச்சே அதுதானே!

போன வருஷம் கோடையில் பிரான்சில் என் தங்கை வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். அட்லாண்டிக் கரையில் லா ரொஷேல் என்ற துறைமுக ஊர். தங்கையின் கணவர் நம் ஊர் சொல்தா குடும்பம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கி அங்கேயே தங்கிவிட்டவர். அந்தப் பணத்தில் ஒன்பது மீட்டர் நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கினார். 1980-களில் கட்டியது. மூன்று வருஷம் முன்பு மச்சான் காலமானார். படகு மினிம் துறையில் கட்டியபடியே நின்றது.

மருமகன் அதைத் திரும்ப ஓட்ட ஆசைப்பட்டான். தங்கை மட்டும் வரமாட்டேன் என்றாள். அவர் நினைவு வரும் என்பதால் என்று நினைத்தேன். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "அதெல்லாம் இல்லண்ணே. அந்தக் கக்கூஸ் பம்பு என் கையால அசைய மாட்டேங்குது. நாலு மணி நேரம் அடக்கிக்கிட்டு உக்கார என்னால முடியாது."

அறுபத்தெட்டு வயதுப் பெண். வழியில் இடம் இருக்காது என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறும் பெண்களை நாம் பார்த்ததில்லையா? நடுக்கடலிலும் அதே கதைதான்.

படகுக் கக்கூஸ் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுத் தொட்டி மாதிரி மேலிருந்து தண்ணீர் கொட்டாது. பீங்கானுக்குப் பக்கத்தில் ஒரு கை பம்பு. கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால் ஒரு பக்கம் கடல்நீரை உள்ளே இழுக்கும், மறுபக்கம் கழிவை வெளியே தள்ளும். உள்ளே ஒரு பிஸ்டன், அதைச் சுற்றி ரப்பர் வளையம். திறந்து மூட இரண்டு மூன்று ரப்பர் வால்வு. வெளியேறும் வாயில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர், போனது திரும்பி வராமல் தடுக்க. பிறகு 38 மில்லிமீட்டர் குழாய் ஒன்று. அவ்வளவுதான்.

அந்தப் பம்பில் மூன்று கோளாறு. கைப்பிடி இரும்பாய் இறுகியிருந்தது. கம்பி உள்ளே போகும் இடத்தில் தண்ணீர் கசிந்தது. வெளியே தள்ளிய அழுக்கு கொஞ்ச நேரத்தில் பீங்கானுக்கே திரும்பி வந்தது.

மருமகன் என்னைக் கடைக்கு அழைத்துப் போனான். கடைக்காரர் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கி, ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "ஸ ந வோ பா லா பேன்." அதாவது, அவ்வளவு பாடுபடத் தகுதியில்லை, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே 'பேன்' என்பது நம் ஊர்த் தலைப்பேன் இல்லை. பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் ஆசிரியர் இந்தச் சொல்லுக்கு மூன்று பொருள் எழுதிப்போட்டது இன்றும் ஞாபகம் இருக்கிறது: உழைப்பு, வருத்தம், தண்டனை.

கணக்கையும் போட்டுக் காட்டினார். ரப்பர் எல்லாம் அடங்கிய கிட் 60 யூரோ. புது டாய்லெட் முழுசாக 200 யூரோவுக்குக் கொஞ்சம் மேல். மெக்கானிக் இரண்டு மூன்று மணி நேரம் வேலை பார்த்தால் கூலி அதைத் தாண்டிவிடும். "புதுசே லாபம், மாமா" என்றான் மருமகன்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன்.

குமாஸ்தா வேலையில் என் மேசைக்கு வரும் ஃபைல்களில் பாதி 'கண்டம்' ஃபைல்கள். பழைய நாற்காலி, டைப்ரைட்டர், மோட்டார். "பழுது பார்ப்பது சிக்கனமல்ல; கண்டம் செய்யலாம்" என்று நோட் போடுவேன், அதிகாரி கையெழுத்துப் போடுவார். ஒருமுறை வந்தது ஒரு கிராமத்துப் பள்ளியின் கை பம்பு. நோட் எழுதினேன். பிறகுதான் அந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னார், "உள்ளே தோல் வாஷர் தேஞ்சிருந்துது சார், அவ்வளவுதான்." புது பம்பு வந்து சேர மறு வருஷம் ஆயிற்று. அதுவரை பிள்ளைகள் வீட்டிலிருந்து தண்ணீர் தூக்கி வந்தார்கள். என் கணக்கில் எண்கள் எல்லாம் சரி. அந்தப் பிள்ளைகள் மட்டும் எந்தக் காலத்திலும் இல்லை.

ஆகவே 'புதுசே லாபம்' என்பவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, கெட்டது எது என்று பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறார்கள். பீங்கான் தேயவில்லை. அடித்தளம் உடையவில்லை. தேய்ந்தது ஒரு கைப்பிடி ரப்பர். கம்பியில் கசிந்தால் மேல் சீல். அழுக்கு திரும்பி வந்தால் அந்த வாத்து மூக்கு. நாடி பார்க்காத வைத்தியருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்.

இரண்டாவது, புதுசிலும் அதே ரப்பர்தான் இருக்கிறது. உப்புநீரில் சில வருஷத்தில் அதுவும் தேயும். அப்போதும் முழுசாகத் தூக்கிப் போடுவீர்களா? புதுசு வாங்கினால் பழுதிலிருந்து விடுதலை இல்லை. பழுதைக் கொஞ்சம் தள்ளிப்போட 200 யூரோ. போதாததற்குப் புதுசைப் பொருத்தவும் கூலி உண்டு. பழைய ஆணித் துளைக்குப் புது அடித்தளம் பொருந்தாவிட்டால் மரத்தில் வேறு துளை போட வேண்டும். இந்தச் செலவைக் கடைக்காரர் சொல்லவே இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். மறுநாள் நானும் மருமகனும் படகின் அடியில் உள்ள இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றினோம். ரப்பர் எல்லாம் தேய்ந்திருந்தது உண்மை. ஆனால் கைப்பிடி இறுகியதற்குக் காரணம் பம்பே அல்ல! வெளியேறும் குழாயின் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி கட்டியிருந்தது. சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து வருஷக்கணக்கில் படிந்த படிவம். 38 மில்லிமீட்டர் வழியில் என் கட்டை விரல்கூட நுழையவில்லை. குழாயைக் கரையில் கொண்டுபோய்த் தரையில் அடித்தபோது முட்டை ஓடு மாதிரி உடைந்து கொட்டியது. சிங்கப்பூர்ச் சாமான் மாதிரி பளபளக்கும் புது டாய்லெட்டை வாங்கி இந்தக் குழாயில் மாட்டியிருந்தாலும், கைப்பிடி அதே இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். 'புதுசும் சரியில்லை' என்று இன்னொன்று வாங்கியிருப்பான்.

நான்காவது, கடலில் கடை கிடையாது. கரையில் ஒருமுறை கழற்றிப் பார்த்த கை, கடலிலும் கழற்றும். புதுசு வாங்கியவனுக்குக் கையில் ரசீது இருக்கும், வேலை இருக்காது.

அதற்காக எதையும் மாற்றவே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவன் அல்ல நான். அந்தப் பழைய குழாயைத் தூக்கிப்போட்டுப் புதுக் குழாய்தான் வாங்கினோம். நாற்றம் ஊறிய குழாய் எவ்வளவு கழுவினாலும் மணக்கும். பம்பின் உட்சுவரில் ஆழமாகக் கீறல் விழுந்திருந்தால் புது ரப்பரும் நிற்காது. பம்பை மட்டும் மாற்றலாம். பீங்கான் விரிந்திருந்தாலோ, உதிரிபாகமே கிடைக்காவிட்டாலோ புதுசுதான். கை வலுவில்லாதவர்களுக்கு பாட்டரியில் ஓடும் பம்பு தேவைப்படலாம். அது சோம்பேறித்தனம் ஆகாது. படகின் அடியில் உள்ள வால்வு அரித்திருந்தால், பித்தளை இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், அதில் சிக்கனம் பேசவே கூடாது. அது தண்ணீருக்குக் கீழே உள்ள ஓட்டை. கக்கூஸ் வழியாகத் தண்ணீர் ஏறி மூழ்கிய படகுகள் உண்டு.

என் வாதம் இவ்வளவுதான்: எது கெட்டது என்று தெரிந்த பிறகு மாற்று. தெரியாமல் மாற்றாதே.

பிரெஞ்சு அரசாங்கத்துக்கே இது உறைத்துவிட்டது. சீக்கிரம் கெட்டுப்போகும்படி வேண்டுமென்றே பொருள் செய்வது 2015 முதல் அங்கே குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை, மூன்று லட்சம் யூரோ வரை அபராதம். 2021 ஜனவரி முதல் செல்போன், மடிக்கணினி, டிவி, துணி துவைக்கும் மெஷின், புல் வெட்டும் மெஷின் ஆகியவற்றின் மேல், எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மார்க் ஒட்ட வேண்டும் என்று தொடங்கினார்கள். படகுக் கக்கூசுக்கு அந்த மார்க் இல்லை. என்னைக் கேட்டால் ஒன்பது போடுவேன். நாலு திருகாணி, ஒரு ஸ்க்ரூ டிரைவர், உதிரிபாகம் எல்லாம் கடையிலேயே தொங்குகிறது. இவ்வளவு இருந்தும் 'பேன்' என்று உதட்டைப் பிதுக்கினால், பழுது பொருளிலா, நம்மிலா?

இரண்டு நாள் வேலை. பிஸ்டனுக்கு சிலிகோன் கிரீஸ் தடவி மூடினோம். கண்ட கிரீசையும் தடவினால் ரப்பர் ஊதிப்போகும். பீங்கான் சுத்தமான பிறகும் நாலைந்து தரம் கூடுதலாக அடித்தால் குழாயில் ஒன்றும் தங்காது, படிவமும் தாமதமாகும் என்று மருமகனுக்குச் சொன்னேன். அதை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினான், தமிழில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.

தங்கையைக் கூப்பிட்டோம். ஒரு கையால் கைப்பிடியை அடித்துப் பார்த்தாள். இன்னொரு தரம் அடித்தாள். "அவரு இருந்தப்பகூட இவ்வளவு லேசா இருந்ததில்லண்ணே" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இல் தெக்ஸ் தீவுக்குப் போனோம். 1815-இல் நெப்போலியன் பிரெஞ்சு மண்ணில் கடைசி நாட்களைக் கழித்த சின்னத் தீவு. வழியில் கடல் நடுவே கல்லாய் நிற்கும் பொயார் கோட்டை தெரிந்தது. தங்கை பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி மூன்று தரம் குடித்தாள். பயமில்லாமல் குடித்தாள்.

வீட்டு மூலையில் நீங்கள் கண்டம் செய்து வைத்திருக்கும் சாமான் ஒன்று இருக்கும், மிக்சியோ, மின்விசிறியோ, தையல் மெஷினோ. பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். நான் அந்தப் பள்ளிக்கூடப் பம்பைப் பார்க்காமல் கையெழுத்துக்கு அனுப்பியவன். அதனால் சொல்கிறேன்.