கையில் கவனமா, குறியில் கவனமா?

“பந்தைப் பாரு, பந்தைப் பாரு” என்று கத்தாத பி.டி. மாஸ்டர் கிடையாது. அந்தக் கூச்சலுக்கு ஆராய்ச்சியின் ஆதரவும் உண்டு. காப்ரியேலே வுல்ஃபும் சகாக்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஏறிய சிலரிடம் பாதத்தை நினைக்கச் சொன்னார்கள். மற்றவர்களிடம் பாதத்துக்கு நேர் கீழே இருந்த சக்கரங்களை நினைக்கச் சொன்னார்கள். சக்கரத்தை நினைத்தவர்களே நன்றாகக் கற்றார்கள். தானாக ஓட வேண்டிய அசைவில் மனம் குறுக்கிட்டால் அது தட்டுத் தடுமாறும் என்பது விளக்கம். அதன்பின் கோல்ஃபிலும் சமநிலைப் பயிற்சியிலும் இதே போக்குத் தெரிந்ததால், ‘கவனம் உடலுக்கு வெளியே’ என்பது பயிற்சியாளர்களின் வேதவாக்காகிவிட்டது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் இது பொருந்துமா? ஹாங்காங்கைச் சேர்ந்த ஆண்டி செ 2019-இல் வெளியிட்ட ஆய்வு, பொருந்தாமல் போகலாம் என்கிறது. சராசரியாகப் பத்து வயதுள்ள 65 குழந்தைகள் மூன்று பிரிவாகத் துணிப்பைகளைக் குறிநோக்கி எறிந்தார்கள். பயிற்சியின்போது மூன்று பிரிவும் ஒரே மாதிரிதான் முன்னேறின. கற்றது நிலைத்ததா என்று பிறகு வைத்த தேர்விலும், சூழலைச் சற்று மாற்றி வைத்த தேர்விலும், தன் உடலசைவில் கவனம் வைத்த பிரிவு முந்தியது. வெளியே கவனம் வைத்தவர்களுக்கும், எந்தக் குறிப்பும் பெறாதவர்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை.

ஏன் இப்படி? 2009-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு ஒன்று, இயந்திரக் கையைப் பிடித்து இயக்கக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் கண் காட்டுவதைவிட, கை எங்கே இருக்கிறது என்று மூட்டும் தசையும் சொல்லும் உணர்வையே அதிகம் நம்பிக் கற்றார்கள். அப்படியானால் கையை நினைக்கச் சொல்வது, அந்தக் குழந்தை ஏற்கெனவே நடக்கும் பாதையில் கூடப் போவதுதான். ஆனால் அதே ஆய்வில் ஒரு முள்ளும் இருக்கிறது. இந்தச் சார்பு கூடக்கூட, பிறரோடு பழகுவதிலும் அவர்களைப் பார்த்துச் செய்வதிலும் சிரமம் கூடியிருந்தது. பிறரைப் பார்த்துச் செய்யக் கண் வேண்டுமே! கையை நினைக்கச் சொல்வது உதவியா, இருக்கும் சாய்வை இன்னும் சாய்ப்பதா? எறியும் திறன் கைவரட்டும், கண்ணைப் பிறகு பழக்கலாம் என்பது என் கட்சி. தோற்றுக்கொண்டே இருக்கும் குழந்தை மைதானத்துக்கே வராது.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. அமெரிக்காவில் பெற்றோரிடம் நடத்திய பெரிய கணக்கெடுப்பை வைத்து 2020-இல் வந்த ஆய்வு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சுமார் 87 விழுக்காட்டினருக்கு அசைவுச் சிக்கல் இருக்கக்கூடும் என்றது. நோயறிதல் அளவுகோல்களின் மையத்தில் இது இல்லை. பேச்சுப் பயிற்சி போக மிச்சமிருக்கும் நேரம்தான் இதற்குக் கிடைக்கிறது.

ஹாங்காங் ஆய்வு எறிதல் என்ற ஒற்றைத் திறனைப் பற்றியது. நீச்சலுக்கோ சைக்கிளுக்கோ அப்படியே பொருத்திவிட முடியாது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது எந்தக் குறிப்பு வென்றது என்பதல்ல, எப்போது வென்றது என்பது. பயிற்சி நடக்கும்போது பார்த்தவருக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. நம் தெரபிஸ்டும் பி.டி. மாஸ்டரும் அந்த நேரத்தில்தான் மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டு விதமாகவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் எதுவும் சொல்லாமல் வேறு தூரத்திலிருந்து எறியவிட்டுப் பார்த்தால், அந்தக் குழந்தைக்கு எது ஒட்டியது என்று தெரிந்துவிடும். அதற்குக் கருவியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.