யாருடைய மீசை?

மீசையின் பண்பாட்டு வரலாறு என்ற பெயரில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. 1854இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையிலிருந்த ஐரோப்பியருக்கு மீசை விதியானது. பின்னர் பிரித்தானியத் தரைப்படை முழுவதும் மேலுதட்டை மழிக்கத் தடை இருந்தது. 1916இல் அத்தடை நீங்கியது. இந்தியர் மீசையைக் கண்டு வெள்ளையர் மீசை வளர்த்தனர் என்பது இவற்றின் சாரம். ஆண்டுகளில் பிழையில்லை. ‘இந்தியர் மீசை’ என்ற தொடரில்தான் பிழை. எந்த இந்தியர்?

2017 செப்டம்பரில் குஜராத்தின் காந்திநகர் மாவட்டத்து லிம்போதரா கிராமத்தில், மீசை வைத்ததற்காகத் தாக்கப்பட்டதாகத் தலித் இளைஞர்கள் புகார் அளித்தனர். மாநிலமெங்கும் தலித் இளைஞர்கள் தம் வாட்ஸ்அப் முகப்பில் மீசைப் படத்தை ஏற்றி மறுமொழி கூறினர். இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2019 ஜூனில், விமானப்படை வீரர் அபிநந்தனின் மீசையைத் தேசிய மீசையாக அறிவிக்க வேண்டும் என்று மக்களவையில் ஒரு கோரிக்கை எழுந்தது. 2022இல் போபாலில் மீசையைக் குறைக்க மறுத்துப் பணியிடைநீக்கம் பெற்ற காவலர், தாம் ராஜபுத்திரர் என்பதையே காரணமாகச் சொன்னார். ஆணை விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. இம்மூன்றையும் ‘ஆண்மையின் குறியீடு’ என்ற ஒரே தலைப்பில் அடக்கும் ஆய்வு எதை விளக்குகிறது?

மொழியியலாளரும் இதில் குற்றமற்றவர் அல்லர். இந்தியில் ‘மூஞ்ச் கா சவால்’ என்பதற்கு ‘மானப் பிரச்சினை’ என்று பொருள் எழுதிவிட்டு அகராதி நகர்ந்துவிடுகிறது. யாருடைய மானம் என்று கேட்பதில்லை. ‘கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை’ என்ற தமிழ்ப் பழமொழிக்கு, ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு ஆசைகள் என்பதே வழக்கமான உரை. கூழ் எவருடைய உணவு என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் கேலி யாரை நோக்கியது என்ற ஐயமாவது எழ வேண்டாமா?

ஆய்வு தவறவிட்டதை நாவல் பிடித்திருக்கிறது. எஸ். ஹரீஷின் ‘மீச’ (2018), குட்டநாட்டுப் புலையர் மரபில் பிறந்த வாவச்சனின் கதை. நாடகத்தில் காவலர் வேடத்துக்காக வளர்த்த மீசையை அவன் பிறகு மழிக்க மறுக்கிறான். மேடையில் அனுமதிக்கப்பட்ட மீசை தெருவில் அச்சமாகிறது, அவன் தேடப்படுபவனாகிறான். (வாரிதழில் வந்த தொடர் மிரட்டல்களால் நின்றதற்குக் காரணம் வேறோர் உரையாடல், அது தனிக் கதை.)

நாவலை மேற்கோள் காட்டத் தயங்குவோர் சட்டத்தைப் புரட்டலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது இழைக்கப்படும் குற்றங்களை விரித்துரைக்கிறது. ஆடையைக் களைவது, வலிந்து மொட்டையடிப்பது ஆகியவற்றுக்கு அடுத்து, மீசையை அகற்றுவது என்று பெயர் சுட்டியே அங்கு எழுதப்பட்டிருக்கிறது. அதாவது லிம்போதராவுக்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே அச்சொல் சட்டத்தில் ஏறிவிட்டது. மீசை வரலாறு எழுதுவோரின் மேற்கோள் பட்டியல்களில் அச்சட்டத்தை இனியேனும் காண முடியுமா?