விண்கல ரேடியோவில் எதைக் காப்பது?

அதிர்வெண், பண்பேற்றம், தரவு வேகம், பிழைதிருத்தக் குறிமுறை ஆகியவற்றை நிலையான சுற்றுகளில் பூட்டிவிடாமல் மென்பொருளிலும், உள்சுற்றை மாற்றியெழுதக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சில்லுகளிலும் வைப்பதே மென்பொருள் ரேடியோ. விண்கலத்துக்கு இது ஏன் வேண்டும் என்பதை, காசினி விண்கலம் சுமந்து சென்ற ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் காட்டியது. ஹைகன்ஸின் சமிக்ஞையில் வேகத்தால் ஏற்படும் டாப்ளர் மாற்றத்துக்குக் காசினியிலிருந்த ரிசீவர் ஈடுகொடுக்காது என்பது, காசினி சனியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, 2000-ம் ஆண்டில்தான் தெரிந்தது. ரிசீவரின் அமைப்பைப் பூமியிலிருந்து மாற்ற வழியில்லை. அதனால் டாப்ளர் மாற்றம் குறையும்படி காசினியின் பாதையையே மாற்றினார்கள். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் சனியின் நிலவான டைட்டனில் இறங்கியது.

அதே 2005-ல் செவ்வாய்க்கு ஏவப்பட்ட எம்.ஆர்.ஓ. சுற்றுக்கலத்தின் எலெக்ட்ரா ரேடியோ, பயணத்தின் நடுவிலும் மாற்றியெழுதக்கூடியது. சமிக்ஞையின் வலுவுக்கேற்பத் தரவு வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்து, கியூரியாசிட்டி ஊர்தியிடமிருந்து அது தரவுகளை வாங்குகிறது.

மாற்றியெழுதும் வசதியே பலவீனமும் ஆகிறது. எஸ்ராம் வகை எஃப்.பி.ஜி.ஏ.யில் சுற்றின் அமைப்பே நினைவகத்தில்தான் இருக்கிறது. காஸ்மிக் கதிரின் கன அயனி ஒன்றோ, தென் அட்லாண்டிக்குக்கு மேலே செறிந்திருக்கும் புரோட்டான்களில் ஒன்றோ அங்கே ஒரு பிட்டைப் புரட்டினால், தரவு மட்டுமல்ல, சுற்றே கெடுகிறது. உள்ளே வரும் அலை மாதிரிகளில் ஒரு பிட் புரண்டால் கதை வேறு. அந்தச் சமிக்ஞை ஏற்கெனவே இரைச்சலோடுதான் வருகிறது. பிழைதிருத்தக் குறிமுறை இதையும் சேர்த்துச் சரிசெய்துவிடும்.

ஆகவே எல்லாச் சுற்றையும் மும்மடங்காக்கிப் பெரும்பான்மை விடையை எடுப்பது வீண்செலவு. பரப்பும் மின்தேவையும் மூன்று மடங்கைத் தாண்டும். வடிகட்டிகளை விட்டுவிட்டு, கட்டுப்பாட்டுத் தருக்கத்துக்கும் கடிகாரத்துக்கும் மட்டும் அதைச் செய்தால் போதும். உள்ளமைவு நினைவகத்தை மூலப் பிரதியைக் கொண்டு ஓயாமல் திருத்தும் ‘ஸ்க்ரப்பிங்’ மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஒரு பிழை திருந்தும் முன் அடுத்தது சேராத வேகத்தில் அது ஓட வேண்டும்.

ஸ்க்ரப்பிங்குக்கு அடங்காதவையும் உண்டு. துகள் தாக்கிச் சில்லுக்குள் குறுக்குச்சுற்று உண்டாகும் லாட்ச்-அப் நேர்ந்தால் மின்னோட்டம் எகிறும். உடனே மின்சாரத்தைத் துண்டிக்காவிட்டால் சில்லு கருகிவிடக்கூடும். ஆண்டுக்கணக்கில் சேரும் கதிரளவு டிரான்சிஸ்டர்களின் இயல்பையே மாற்றும். வியாழனுக்கு அனுப்பப்பட்ட ஜூனோ விண்கலத்தின் டைட்டானியப் பெட்டகம் இந்தச் சேர்மானத்தைக் குறைப்பதற்கானது. ஆனால் காஸ்மிக் கதிரின் கன அயனிகளை உலோகச் சுவர் முழுதாக நிறுத்தாது.

நாசாவின் ஸ்கேன் சோதனைக் களம் 2012 முதல் 2019 வரை சர்வதேச விண்வெளி நிலையத்தில் மூன்று மென்பொருள் ரேடியோக்களைச் சோதித்தது. சுற்றுப்பாதையிலேயே அவற்றை மாற்றியெழுத முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் காந்தப்புலம் காவலாக இருக்கிறது. வியாழனுக்கு அருகே அந்தக் காவல் இல்லை.

அழிக்கமுடியாத நினைவகத்தில் ஒரு மூலப் பிரதி, கதிர்வீச்சைத் தாங்கும் சிறிய மேற்பார்வைச் சில்லு, எந்நிலையிலும் பூமியின் கட்டளையைக் கேட்கும் எளிய ரிசீவர்: செலவைக் குறைக்கக் கூடாத இடங்கள் இந்த மூன்று. கட்டளை வாங்கும் வழியை மாற்றியெழுதும் சில்லிடம் மட்டுமே ஒப்படைக்கும் வடிவமைப்பு, எவ்வளவு மலிவானாலும், ஆழ்விண்வெளிக்கு ஏற்றதல்ல.